பெர்கனில் ஒரே மழை

புக்கரெஸ்ட்,
அக்டோபர் 14

அன்பு மகள் ஸ்மரண்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், உடம்பும் அவரவர் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. நீயும் அந்தக் கனடா குளிரில் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது. அவள் பேசி முடித்து என்னிடம் தரும்போது உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. நீ போன ஏழு மாதத்தில் நான் உன்னிடம் பேசியது எல்லாம் சேர்த்து 'ம், நல்லா இருக்கேன்மா' என்பது மட்டும்தான். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் ஜூலையில் நின்றது, இன்னும் ஓடவில்லை, ஐந்து மாடியும் நடைதான். என் முழங்கால் மூன்றாவது மாடி வரை ஒத்துழைக்கிறது, அதற்குமேல் நான் அதை இழுத்துக்கொண்டு வருகிறேன். உன் அம்மாவுக்கு ரத்த அழுத்தம், உப்பைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது என் தட்டில் உப்பைப் போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று என் தட்டிலிருந்தே பாதியைச் சாப்பிடுகிறாள்.

இனி ஓட்டிலியா விஷயம். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன், ஏனென்றால் நீ பார்த்த இடம் வேறு நான் பார்த்த இடம் வேறு. முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவனுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து பழக்கமில்லை. பல் செட் செய்யும் படிப்பில் முதல் நாள் மற்ற இடமெல்லாம் நிறைந்துவிட்டதால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. படிப்பு முடிந்து ஒரே லேப்பில் வேலை, பக்கத்துப் பக்கத்து மேசை. சாயங்காலம் ஒரே டிராமில் வந்து நீ நம் ஸ்டாப்பில் இறங்குவாய், அவள் இன்னும் இரண்டு ஸ்டாப் போக வேண்டும், நீ ஐந்து மாடி ஏறி வருவதற்குள் போன் அடிக்கும், இறங்கிவிட்டேன் என்று சொல்வாள். அதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பச்சை கோட்டு. உனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது அவளுக்கும் அதே பக்கம் வலி வந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள், டாக்டர்கள் மூன்று நாள் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். இதை நீ எல்லோரிடமும் சொல்வாய். அவள் கண்ணாடி போட்ட வாரம் உனக்குக் கண் எரிந்ததையும், பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகும் நீ வெறும் கண்ணாடி வாங்கி ஒரு வருடம் போட்டுக்கொண்டதையும் நீ யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. என் பல் செட்டை நீங்கள்தான் செய்தீர்கள், மேல் வரிசை நீ, கீழ் வரிசை அவள். எந்த அளவு வெள்ளை என்பதில் சண்டை வந்து ஒன்பது நாள் பேசிக்கொள்ளவில்லை. ஒன்பது நாளும் அவள் சொல்வதை உன்னிடமும் நீ சொல்வதை அவளிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது பல் இல்லாத நான்.

வலெரியூ நல்ல பையன். எலக்ட்ரீஷியன், கை சுத்தம், நம் சமையலறை விளக்கைக் கேட்காமலே சரிசெய்தான். நிச்சயம் ஆன பிறகு அவன் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, வாரத்தில் ஒரு நாள் ஓட்டிலியா இல்லாமல் வேண்டும் என்று. நீ யோசித்துச் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தாய். அந்த முதல் செவ்வாய் அவன் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவளுக்குப் போன் செய்தாய். நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அவன் தட்டில் இருந்த சர்மாலேயை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, முட்டைக்கோஸ் இலை நன்றாகப் புளித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான், அப்புறம் வரவில்லை. ஓட்டிலியாதான் அவனை விரட்டினாள் என்று நீ சொன்னாய். அன்று அவள் இந்த வீட்டுக்கே வரவில்லை. செவ்வாய்க்கிழமை.

போன பிப்ரவரியில் நீ என் எதிரில் உட்கார்ந்து சொன்னது நினைவிருக்கிறது. "மூச்சு முட்டுதுப்பா. நான் எதை யோசிச்சாலும் அதை அவ ஏற்கெனவே யோசிச்சிருக்கா." நான் மறுக்கவில்லை, எந்தத் தகப்பனும் மறுக்கமாட்டான். காகிதமெல்லாம் ரகசியமாகத் தயார் செய்தாய். மார்ச்சில் அவளிடம் பிரஷோவில் அத்தை வீட்டுக்கு இரண்டு நாள் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு.

மூன்றாம் நாள் ஓட்டிலியா வந்தாள். நான் சமையலறையில் மீன் டப்பா திறந்துகொண்டிருந்தேன். அவள் அழவில்லை, நாற்காலியில் கூட உட்காரவில்லை, ஸ்மரண்டா எங்கே மாமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெற்ற மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாத தகப்பனாக ஒருத்தி முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. டப்பாவில் பெர்கன், நார்வே என்று அச்சடித்திருந்தது. பெர்கனில் இருக்கிறாள் என்றேன். "அவளுக்குக் குளிர் ஆகாதே மாமா" என்றாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த மீனைச் சாப்பிட்டேன். நீ சொல்லிக்கொடுத்த பொய் அது இல்லை, அது என் சொந்தப் பொய், அதனால்தான் இதுவரை உனக்கு எழுதவில்லை.

ஜூனில் அவளைக் காணவில்லை. லேப்பில் லீவு போட்டிருக்கிறாள் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் வந்து கதவைத் தட்டினாள், காலில் நனைந்து காய்ந்த ஷூ, மூக்கு உரிந்திருந்தது. "மாமா, பெர்கன்ல ஒரே மழை" என்றாள். உள்ளே வந்து அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, ஊரைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாள். பத்தொன்பது லேப்புக்கு உன் போட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு இடத்தில் ருமேனியாக்காரப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள் என்று சொல்ல, ஓடிப்போய்ப் பார்த்தால் யாஷ் ஊர்ப் பெண், முன்பின் தெரியாதவள். "நல்ல பொண்ணுதான் மாமா. காப்பி வாங்கிக் கொடுத்தா. என் கூடவே இன்னும் மூணு இடம் வந்து தேடினா." ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பாள், கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழ் வரிசை ஈறில் உரசுகிறதா, வாயை ஒரு பக்கமாக வைத்திருக்கிறீர்களே என்று கேட்டாள். கழற்றி வாங்கிக்கொண்டுபோய் ராவிக்கொண்டு மறுநாள் வந்தாள். பல் இல்லாததால்தான் நேற்று உண்மையைச் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துவைத்திருந்தேன். பல்லை மாட்டிய பிறகும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். உன் அம்மாவை அம்மா என்கிறாள், என்னை மாமா என்கிறாள், முறை எப்படி வருகிறது என்று நான் கேட்கவில்லை. அம்மா தானாகவே மூன்றாவது தட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள். உன் அறைக்குள் அவளை விடக்கூடாது என்று எழுதியிருந்தாயே, அவள் கேட்டதே இல்லை. அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் எதிர்ச் சுவரோரமாக நடப்பாள், நாய் கட்டிய வீட்டைத் தாண்டுகிறவள் மாதிரி. ஆகஸ்டில் நீ அம்மாவுக்கு எழுதிய மூன்று பக்கத்தையும் நான் படித்தேன். என் முழங்காலுக்கு ஒரு வரி, உன் வேலைக்கு நான்கு வரி. மிச்சம் எல்லாம் அவள் என்ன உடுத்தியிருந்தாள், முடியை வெட்டிக்கொண்டாளா, லேப்பில் உன் மேசையில் இப்போது யார் உட்காருகிறார்கள், அங்கே உட்காருகிறவளோடு அவள் பேசுகிறாளா என்று. அம்மாவிடம் குடைமிளகாய் சுடுகிற போட்டோ ஒன்று கேட்டாய், அவளும் பெருமையாகக் குடைமிளகாயை எடுத்து அனுப்பினாள், இது இல்லை, ஓரத்தில் நிற்கிற ஆள் தெரிகிற மாதிரி வேண்டும் என்றாய். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. குளிர்காலத்துக்கு ஸகுஸ்கா தொக்கு போட மூன்று பேரும் பால்கனியில் குடைமிளகாயும் கத்தரிக்காயும் சுட்டு உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஜாடி போதவில்லை என்று தரைத்தளத்து வீட்டுக்குப் போனாள், லிஃப்ட் இல்லாததால் எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. "ஓட்டிலியா, அவ நார்வேல இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. நான் மீன் டப்பாவைப் பார்த்துச் சொன்னேன்" என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் மாமா. கனடா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜூலையிலிருந்து வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அவள் லேப்பில் சாப்பிடுகிற நேரத்தில், கனடா நம்பரிலிருந்து போன் வருகிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை என்றாள். "மூச்சு மட்டும் கேக்கும். ஏழு வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்ட மூச்சு மாமா, எனக்குத் தெரியாதா." "நீ ஏதாவது பேசக்கூடாதா" என்றேன். "பேசினா வெச்சிடுவா" என்றாள். நாற்பது நிமிடம், சில வாரம் அதற்கும் மேல், இவளும் பேசாமல் ஜன்னலோரம் நிற்பாளாம், பல் அச்சுக்காகக் கிண்ணத்தில் கலந்துவைத்த பிளாஸ்டர் இறுகிப்போகுமாம்.

உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், அன்று கொஞ்சம் இருந்தது. துரத்துகிறாள் என்று ஊரை விட்டுப் போனவள், வாரம் தவறாமல் திரும்பிப் பார்த்து, பின்னால் வருகிறாளா என்று சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் எழுந்து உள்ளே போய் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் உன் விலாசத்தை எழுதி அவள் முன்னால் வைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், அதற்கு நீ என்னைத் திட்டலாம். அவள் கையைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், சீட்டைத் தொடவில்லை, எழுத்து தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் மாமா. தெரிஞ்சா போயிடுவேன்."

அப்புறம் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெர்கன்ல அவ கிடைச்சிருந்தா நான் சும்மா பார்த்துட்டு வந்திருக்க மாட்டேன். கூட்டிட்டுதான் வந்திருப்பேன். வரலைன்னா அங்கேயே இருந்திருப்பேன். இதை நினைச்சா எனக்கே பயமா இருக்கு. அவ பயந்ததுல தப்பே இல்ல." நாளையோடு போன் நம்பரை மாற்றுகிறேன் என்றாள். உன்னிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். "கோபத்துல மாத்தலைன்னு சொல்லுங்க. எடுக்காம இருக்க என்னால முடியாது, அதான்." அம்மா ஜாடியோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள், ஏன் இரண்டு பேரும் இவ்வளவு கொஞ்சமாக உரித்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள். விலாசச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டேன், அம்மா சட்டையோடு துவைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு எடுத்தாள். இன்று வந்தாள், அரைமணி நேரம் இருந்தாள், அவள் பங்கு ஸகுஸ்காவை வாங்கிக்கொண்டு போனாள். நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிடுகிறேன். முடியை வெட்டவில்லை, வளர்க்கிறாள். உன் மேசையில் யாரும் இல்லை, அதில் பல் அச்சு காயவைக்கிறார்கள். கோட்டு புதிது, பழுப்பு நிறம். அவளுக்குப் பொருந்தவில்லை. பழகிவிடும்.

உனக்கு இரண்டு ஜாடி எடுத்துவைத்திருக்கிறோம், அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். குளிர் தொடங்கும் முன் நல்ல ஷூவாக வாங்கிக்கொள். வேலை செய்யும் இடத்தில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போ, ஒரு முறை போனதும் தினமும் போகாதே. கடவுள் உன்னைத் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் காக்கட்டும், அம்மாவும் முத்தம் சொல்லச் சொன்னாள், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இரண்டு வியாழக்கிழமையாக அந்த நம்பர் கிடைத்திருக்காது, இனியும் கிடைக்காது. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே, நன்றாக இருக்கிறாள். வியாழக்கிழமை அந்த நேரத்தில் அம்மா சந்தைக்குப் போய்விடுவாள், போனை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் போடு. ஏதாவது பேச வேண்டும் என்று இல்லை. நான் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா,
ஹரலாம்பி