யாரும் எதிர்த்துக் கேட்காத ஏலம்

புதன்கிழமை, செபமாலை முடிந்தபின்.

கடற்கரை ஏலத்தில் பெண்களும் மீன் கேட்கலாம் என்று ஊர்க்கமிட்டி ஒத்துக்கொண்ட பிறகு இன்றுதான் முதல் ஏலம். இதுவரை வியாபாரிகள் எடுத்ததை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கித்தான் நாங்கள் தெருத்தெருவாக விற்றோம்.

காலையில் சாளைக் குவியலுக்கு நான்தான் முதலில் விலை கேட்டேன். எனக்கு மேலே யாரும் கேட்கவில்லை. பெரிய வியாபாரி செல்வின் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். எல்லாக் குவியலும் எங்களுக்கே விழுந்தது. "ஏளா, பயந்துட்டானுவ பாத்தியா" என்றாள் என்னோடு மீன் விற்கும் பிலோமி. நானும் சிரித்தேன்.

ஐஸ் வண்டி வரவேயில்லை. ஐஸ் கம்பெனி அண்ணாச்சியுடையது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? ஏலம் கேட்க விடுங்கள் என்று கமிட்டியில் அத்தனை கத்தினோமே, ஐஸைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பக்கத்து ஊரில் கேட்டால் அங்கேயும் ஐஸ் மெஷின் ஓடவில்லையாம்.

விற்றது போக மீதி நடுவீட்டில் ஈரச்சாக்குக்கு அடியில் கிடக்கிறது.

சாயங்காலம் அண்ணாச்சியே வாசலுக்கு வந்தார். முகத்தில் கோபமே இல்லை. "நாளைக்கும் வந்து கேளுங்க தாயி. ஒங்களுக்கு எதுக்க ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்" என்றார்.

போனால் ஐஸ் இல்லாமல் மீன் அழுகும். போகாவிட்டால், பொம்பளைகளுக்கு இது ஆகாது என்று கமிட்டியே பழையபடி மாற்றிவிடும்.

இப்போது சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். சாளைக்கு வயிறு உடையத் தொடங்கிவிட்டது.