தந்தையின் கல்வித் தகுதி

திண்டுக்கல்,
19.5.2025

தமிழ்நிலாவின் அப்பாவுக்கு,

லிடியா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையில் முடிகிறது. ஈஸ்டர் அன்று நடந்தது போதும். கடிதம் என்றால் நான் சொல்வதை நடுவில் வெட்டாமல் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்பு மார்க்கை நிலாவே உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம். முந்நூற்று எண்பத்தெட்டு. பதிலுக்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருக்கிறீர்கள். அவள் அதை என்னிடம் காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், நிலா அப்பா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்று விளக்கிச் சொல்ல சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கேன் சென்டரில் டோக்கன் போடுகிற வேலையைக் கூட வேலை பார்க்கிற அய்யம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். நூறு பேருக்கு மேல் வந்திருந்தோம். கேள்வி கேட்டது இரண்டு பேர். பயாலஜி குரூப்பைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "தொழிற்பிரிவு" என்று இசைவாணி டீச்சர் எழுந்ததும் பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். நானும் பையை எடுத்தேன். நிலா என் சேலையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அவளுக்கு அந்தக் குரூப்தான் வேண்டுமாம். தொழிற்பிரிவில் மின் பொறியியல். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். தொழிற்பிரிவு என்றால் அம்மா அப்பா இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் டீச்சர். போன வருஷம் ஒரு பிள்ளையை அம்மா மட்டும் வந்து சேர்த்திருக்கிறார். பள்ளிக்கூடம் திறந்த பிறகு அப்பா வந்து சத்தம் போட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அந்தப் பிள்ளை கடைசியில் எங்கேயும் சேரவில்லையாம்.

சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. சவரிமுத்து அண்ணனிடம் கேட்டேன். "இன்ஜினியர் மாப்பிள்ளைகிட்டக் கேளு, அவருக்குத் தெரியாததா" என்கிறார். அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
லிடியா


ஓசூர்,
21.5.2025

அன்புள்ள லிடியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். கம்பெனி கேன்டீனில் வைத்துப் படித்ததால் சாப்பாடு அப்படியே ஆறிப்போனது.

வேண்டாம். அந்தக் குரூப் மட்டும் வேண்டவே வேண்டாம். வடமதுரை ரோட்டில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. இங்கே என்னோடு வேலை பார்ப்பவரின் மைத்துனர் அங்கே ஆபீசில் இருக்கிறார். பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப்பில் ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நிலா அங்கே சேரட்டும்.

கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு என்ன, நன்றாகத்தான் பேசுவார்கள். அந்தப் பிள்ளைகள் படுகிற பாடு உனக்குத் தெரியாது. காலைப் பிரேயரில் கடைசி வரிசை. ஸ்டாஃப் ரூமில் ஃபேன் ஓடவில்லை என்றால் வகுப்பை நிறுத்திவிட்டு அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். கணக்கு வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், "ஏலே கரண்டு" என்பார். ஒரு பலகையைக் கொடுத்து ஸ்டேர்கேஸ் வயரிங் போடு என்பார்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பல்பு. முதல் நாள் எரியவே எரியாது. எரியும்போது பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கெமிஸ்ட்ரி லேபில் இருப்பார்கள். இரண்டு வருஷம் முடிந்ததும் ஒரு சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

என் மகளுக்கு அது வேண்டாம். நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில் அவள் பேருக்குப் பின்னால் என்ன போடுவோம், யோசித்தாயா?

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. பேனலில் கை வைக்கும் முன் மெயினை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். சீக்கிரம் பதில் போடு. நிலாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அந்தோணிராஜ்


திண்டுக்கல்,
23.5.2025

நிலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நிலாவிடம் காட்டவில்லை. "அப்பா யோசிக்கிறாராம்" என்று மட்டும் சொன்னேன். "யோசிக்கிறாருன்னா வேணாம்னு அர்த்தம்மா" என்றாள். உங்களை அவள் நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறாள்.

நேற்று மறுபடியும் இசைவாணி டீச்சரைப் பார்க்கப் போனேன். கூட்டத்தில் கேட்க வெட்கப்பட்டதை எல்லாம் கேட்டேன். டோக்கன் சீட்டுக்குப் பின்னால் குறித்துக்கொண்டு வந்ததைத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் என் பிழை.

தமிழும் இங்கிலீஷும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். இந்தக் குரூப்பில் கணக்குப் பாடமும் உண்டு. அது போக மின் பாடம், செய்முறை. டாக்டர் ஆக முடியுமா என்று கேட்டேன். முடியாது, அந்த வழி இதில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனாலேயே மற்றதை நம்பினேன். ப்ளஸ் டூ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாமாம். டிப்ளமோ முடித்தவர்கள் இன்ஜினியரிங்கிலும் இரண்டாம் வருஷத்தில் சேரலாமாம். டிப்ளமோ வேண்டாம் என்றால், ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே இன்ஜினியரிங் கவுன்சிலிங் போகலாம். தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கென்று அதில் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறார்களாம். இடம் குறைவுதான், நன்றாகப் படித்தால்தான் கிடைக்கும் என்பதையும் சொன்னார்.

பாலிடெக்னிக் விஷயத்தை மட்டும் நான் இரண்டு தடவை கேட்டேன். இத்தனை நாளாக எனக்குத் தெரியாதே. "பிள்ளைங்களுக்கே தெரியிறதில்லம்மா. அப்பா அம்மாவுக்கு யாரு சொல்லுறா?" என்றார் டீச்சர்.

ஒர்க்‌ஷாப்பையும் பார்த்தேன். பெயின்ட் உரிந்துதான் கிடக்கிறது, பொய் சொல்லவில்லை. நிலா ஒரு பழைய மோட்டார் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதற்குள் செம்புக் கம்பி எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று டீச்சரிடம் அவளே சொன்னாள். வீட்டில் மிக்ஸி கெட்டபோது அவள்தான் கழற்றிப் பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இங்கே இருந்தால்தானே.

எனக்கும் பயம்தான். முப்பத்திரண்டு பிள்ளைகளில் பெண் பிள்ளைகள் மூன்றே பேர். கரண்ட் பிடித்துவிடுமோ என்று ஒரு பயம். நாளைக்கு அவளே "என்னை ஏம்மா இதில் சேர்த்தாய்" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று ஒரு பயம். ஆனால் பிறகு பேச்சோடு பேச்சாக வடமதுரை ரோட்டுப் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னதும் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்து வந்த பயம் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கிறது. அப்பா சம்மதிக்காமல் எந்தக் குரூப்பிலும் சேர மாட்டாளாம். அதிலிருந்து என்னோடும் சரியாகப் பேசவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரேயரில் கடைசி வரிசை என்பதும், கணக்கு வாத்தியார் கூப்பிடுகிற பேரும் உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இம்புட்டு விவரம் தெரியாதே.

பதிலை எதிர்பார்க்கும்,
லிடியா


ஓசூர்,
26.5.2025

அன்புள்ள லிடியாவுக்கு,

நேற்று ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

நான் இன்ஜினியரிங் படிக்கவில்லை. திண்டுக்கல்லில் ப்ளஸ் டூ தொழிற்பிரிவு, மின். நிலா கேட்கிற அதே குரூப்தான். அவ்வளவுதான் என் படிப்பு. இங்கே கம்பெனியிலும் நான் எலக்ட்ரீஷியன்தான்.

நம் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் "பி.இ." என்று இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தது எங்கள் அப்பா. பெண் வீட்டில் இரண்டு பேர் டிகிரி, நம் பக்கம் வெறுமனே இருந்தால் நன்றாக இருக்காது என்று தரகர் சொன்னாராம். பிரஸ்ஸில் புரூஃப் பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். கோயில் பேரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, அதைத் திருத்தினேன். திருப்பலி நேரம் ஒன்பதரை என்று இருந்தது, பத்து என்று மாற்றினேன். அந்த இரண்டு எழுத்தும் கண்ணுக்கு நேரே இருந்தன. பேனா கையில் இருந்தது. அடிக்கவில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு உன் வீட்டில் எல்லாருக்கும் நான் இன்ஜினியர் மாப்பிள்ளை. உன் அண்ணன் வீட்டு பிளானைக் கொண்டுவந்து காட்டுவார். சொந்தக்காரப் பையனுக்கு எந்தக் காலேஜ் நல்லது என்று கேட்பார். ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, பந்தி முடியும் முன்னே ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடுவேன். கடைசியில் ஊரிலிருந்தே கிளம்பிவிட்டேன். உனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தேன்.

பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் அழுதுவிட்டேன். அது நான் படித்த காலத்திலும் இருந்தது. என்னோடு படித்த மைதீன் பிச்சை அப்படித்தான் சேர்ந்தான். எனக்குத் தெரிந்தபோது இருபத்தைந்து வயது. எங்கள் அப்பா ஒரு நாளும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? படிப்பு மோசமில்லை லிடியா. அதற்கு அப்புறம் வழி சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் மோசம். நான் இத்தனை வருஷமும் படிப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிலாவுக்குச் சொல்லிவிடாதே. சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்கிறேன். நீ என்னை என்ன நினைப்பாய் என்று எழுது. எதுவானாலும் எழுது.

அந்தோணிராஜ்


ஓசூர்,
28.5.2025

லிடியா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் கடிதம் இன்னும் உனக்கு வந்து சேரவில்லையா, சேர்ந்தும் நீதான் எழுதவில்லையா என்று தெரியவில்லை. பேசலாம் என்று போனைக் கையில் எடுத்தேன், பேசவில்லை. நிலாவுக்குக் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் முன்னால் வருமோ நான் முன்னால் வருவேனோ. பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். நீ வராமல் இருந்துவிடாதே.

ராஜ்


திண்டுக்கல்,
31.5.2025

என்னங்க,

நீங்கள் பஸ் ஏறிப் போய் ஒரு நாள் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தும் எனக்கு வாயைத் திறக்க வரவில்லை. பேச வராததை எழுதத்தானே இந்தக் கடிதப் பழக்கமே ஆரம்பித்தது. உங்கள் பெரிய கடிதம் புதன்கிழமை சாயங்காலம் வந்தது. பதில் போட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு வந்து சேராது, எப்படியும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவீர்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் உங்களைத் தவிக்கவிட்டேன். அதில் கொஞ்சம் வேண்டுமென்றே செய்ததும் உண்டு.

எனக்கு முன்பே தெரியும். நிலா பிறந்த வருஷம், ஞானஸ்நானத்துக்காக உங்கள் சர்ட்டிபிகேட் எதையோ தேடி அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்தேன். ப்ளஸ் டூ மார்க் ஷீட் இருந்தது. மின் செய்முறையில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீங்களே சொல்வீர்கள் என்று பார்த்தேன். இந்த வருஷம் சொல்வார், அடுத்த வருஷம் சொல்வார் என்று பார்த்தேன். எனக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்கேன் சென்டரில் யார் கேட்டாலும் வீட்டுக்காரர் இன்ஜினியர் என்றுதான் நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் அந்த இரண்டு எழுத்தின் மேல் இல்லை. அதற்குப் பயந்து எங்கள் அப்பா அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலிருந்தே பஸ் ஏறினீர்களே, அதன் மேல்தான். அன்றைக்கு எனக்கு நீங்கள் வேண்டியிருந்தது. நீங்கள் என்ன படித்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நேற்று நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் சிலதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படிவத்தில் "தந்தையின் கல்வித் தகுதி" என்ற இடம் வந்ததும் உங்கள் பேனா நின்றது. நாங்கள் வந்த லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் நிற்பது உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் காது சிவந்துவிட்டது. டீச்சர்கூட "அது கட்டாயமில்ல சார், விட்டுடலாம்" என்றார். நீங்கள் எழுதினீர்கள். "ப்ளஸ் டூ, தொழிற்பிரிவு, மின்."

நிலா அதைப் படித்தாள். படிவத்தை டீச்சரிடம் கொடுக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு உங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை உங்களிடம் கொடுக்கவில்லையே, கவனித்தீர்களா? வீட்டுக்கு வந்து பச்சைப் பெட்டியைத் திறந்து அந்த மார்க் ஷீட்டை எடுத்தாள். "நூத்தித் தொண்ணூத்தாறாம்மா? நான் எப்படி இதத் தாண்டுறது?" என்று ராத்திரிவரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பயம் எனக்குப் போய்விடவில்லை. அவளை அனுப்பிவிட்டு நாள் முழுக்க வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் திரும்பி வரும்போது வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை அடுத்து எப்ப வாராரு?" என்று கேட்டார்.

பதினேழு வருஷமாக அவர் இன்ஜினியர் மாப்பிள்ளை என்றுதான் சொல்லுவார். நேற்றுதான் வெறும் மாப்பிள்ளை என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை போனிலேயே சொல்லுங்கள்.

உங்கள்,
லிடியா