சந்தனப் பொட்டுக்குள் மஞ்சள் விளக்கு

2011 அக்டோபர் 18, செவ்வாய்

விடியலிலிருந்தே மழை. இரணியல் பஸ் தாமதம். கல்லூரிக்குள் கால் வைக்கும் முன்பே போன்: என் பொறுப்பிலுள்ள சர்வர் செத்துவிட்டது. மார்க், வருகைப்பதிவு, நூலகம் எல்லாம் அதில்தான்.

பிரின்ஸிபால் வாசலிலேயே. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

சுவர் பிளக்கில் கரண்ட் உண்டு. யுபிஎஸ் சரி. வயர் மாற்றியும் பயனில்லை. பின்பக்கம் இரண்டு பவர் சப்ளை. ஒன்று போனால் மற்றது தாங்கும் என்றுதானே இரண்டு? ஒன்றை உருவி, மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தேன். பிறகு மாற்றி. எதற்கும் எழவில்லை. இடப்பக்கம் விளக்கே இல்லை. வலப்பக்கம் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜை! நகத்தால் சுரண்டினேன். உள்ளே மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் பழுது.

அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நாந்தாம்மா பொட்டு வச்சேன். லைட்டு எரியுதே, உசிரோட இருக்குன்னுல்லா நெனச்சேன்." திட்ட மனசு வரவில்லை.

திருவனந்தபுரத்துக் கடையில் இரண்டு சொல்லியாயிற்று. "ஒண்ணு போதாதா?" என்றார் பிரின்ஸி. போதாது.

வீடு. படுக்கையிலேயே கிடக்கிற அம்மையைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அக்கா இருந்தபோது விரிப்பின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒரே தூக்கு. ஜூலையில் அக்கா இறந்த பிறகு கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டுவிட்டேன், அம்மை அந்தப் பக்கம் உருண்டு விழாமலிருக்க. இடுப்பு விண்விண் என்று.

அக். 19

மழை விட்டிருக்கிறது. வாங்க: தைலம், டெட்டால், மட்டி வாழைப்பழம் (அம்மை அதை மட்டும்தான் தின்கிறாள்).

மத்தியானம் பவர் சப்ளை வந்தது. மாட்டினேன். இரண்டும் பச்சை. அப்பாடா. சர்வர் தானே எழுதி வைத்திருந்ததைப் பார்த்தால், வலப்பக்கத்தது ஆகஸ்டிலேயே போயிருக்கிறது. அதன்பின் மொத்தச் சுமையும் இடப்பக்கத்தது ஒன்றே இழுத்திருக்கிறது. எதுவும் நிற்கவில்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு லில்லி மைனி: "அக்கா போயும் நீ ஒத்தையில எப்பிடி சமாளிக்கே பாரு!" நல்லதாகத்தான் சொல்கிறாள். உள்ளே போய் அழுதேன்.

அம்மை: "மூத்தவ எங்கட்டி?"

"கடைக்குப் போயிருக்கா."

அக். 20

வெயில். துணி காய்ந்தது.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் சொல்வான், "நீ இருக்கேல்லா, எனக்கு நிம்மதி." இன்று நானே கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்ததெல்லாம் மறந்து போயிற்று.

"என்னால ஒத்தையில முடியல அண்ணா."

அந்தப் பக்கம் டிவியை நிறுத்தினான். பிறகு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானேட்டி இருந்தே?"

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சிரிப்பே அழுகையாகி நிற்கவேயில்லை. அவனும் போனை வைக்கவில்லை.

"லீவு கேட்டுப் பாக்கேன் மக்கா."

கேட்பானா, கிடைக்குமா, தெரியாது. கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டேன். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அம்மை விழாமலிருக்க இப்போதைக்கு அந்த ஓரத்தில் அக்காவின் தலையணை.