பட்டியலிலிருந்து நான் நீக்கிய கார்டு

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா கம்ப்யூட்டரில் அடிக்கும் கடிதம். நீயும் உன் வீட்டில் எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அக்காவும் நன்றாக இருக்கிறோம், என் இடது முட்டியைத் தவிர, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. மேலே தேதி போடலாமா என்று அக்கா கேட்கிறாள். அவள் போட்டுக்கொள்ளட்டும். என் கணக்குக்கு இது நம் தெருக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு மின்கம்பியை மண்ணுக்குள் புதைத்த வருடம், ஆற்றுப் பாலத்தில் சிமெண்டு லாரி பாதி தொங்கி இரண்டு நாள் ஊரே வேடிக்கை பார்த்த வருடம், எதிர்வீட்டுச் சலவைக்காரர் அறுபத்தெட்டு வயதில் பல் கட்டிக்கொண்டு காரணமில்லாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்த வருடம், அக்கா பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அச்சகத்துக்குப் பூட்டு விழுந்த வருடம். இப்படிச் சொல்லி வைத்தால்தான் பிற்பாடு எனக்கு இடம் தெரியும்.

போன வாரம் நீ போனில் கத்தியதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. நான் படிச்சுச் சொன்ன லிஸ்டை யாருப்பா மாத்தச் சொன்னது, அந்தக் கார்டை ஏன் எடுத்தீங்க, இப்ப மாட்டியிருக்கிறது யாரு வீட்டுப் பழைய கார்டு என்று மூன்று கேள்வி கேட்டாய். மூன்றுக்கும் சேர்த்துப் பதில் இருக்கிறது, ஆனால் அது போனில் அடங்காது, நீயும் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை.

அச்சகத்தை மூடும்போது முதலாளி அக்காவுக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போனார் என்பது உனக்குத் தெரியும். பள்ளிப் புத்தகம் போடும் பதிப்பகத்தில் சொல்லி, வீட்டிலிருந்தே எழுத்தும் படமும் அடுக்கிப் பக்கம் கட்டித் தரும் வேலைக்கு வழி செய்தார். அவர்கள் போட்ட நிபந்தனையும் தெரியும். சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், முதல் புத்தகம் நூற்றறுபது பக்கமும் மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும், வந்தால் வருடம் முழுக்க வேலை, வராவிட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆள். நாற்பத்தாறு வயதில் இன்னொரு அச்சகம் அவளைக் கூப்பிட்டு நாற்காலி போடப் போவதில்லை. நீ பணம் அனுப்பினாய், கடையில் கட்டி வைத்திருப்பதை வாங்காதீங்க, பாகம் பாகமா வாங்கிச் சேர்த்தா அதே காசுக்கு இன்னும் நல்லதா வரும் என்றாய், எட்டுச் சாமானையும் பெயரும் நம்பருமாக ஒரு தடவை படித்தாய். அக்கா கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்தாள், நாலு மாடி இறங்க முடியாது. நான் போகிறேன் என்றேன். அப்பா எழுதி வெச்சுக்கங்க என்றாய், அப்புறம் நீயே நாக்கைக் கடித்துக்கொண்டாய். முப்பத்தெட்டு வருடம் பஸ் டெப்போவில் உதிரிபாக ஸ்டோரை எழுத்து தெரியாமல் நடத்தியவனுக்கு எட்டுச் சாமான் ஒரு சுமையா. விரல் கணுவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்காரன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற ஆசாமி. கண்ணாடிக்காரன் என்றே வைத்துக்கொள். நான் எட்டையும் ஒப்பித்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு, தாத்தா நீங்க எந்தக் கம்பெனியில இன்ஜினியரா இருந்தீங்க என்றான். நான் மறுக்கவில்லை, அங்கேதான் முதல் சறுக்கல். பவர் சப்ளை இரண்டு எடுத்து வைத்தான், இரண்டும் ஒரே சக்தி, ஒரே விலை என்றான். இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தேன், ஒன்று காலி டப்பா மாதிரி இருந்தது. கனமானதை எடுத்துக்கொண்டேன். உள்ளே செம்பு இருந்தால் கனக்கும், காற்று இருந்தால் கனக்காது. தாத்தா தர்பூசணியா வாங்குறீங்க என்று சிரித்தான், ஆனால் லேசானதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டான். ரேமில் கலர் கலராக விளக்கு எரிவதை எடுத்துக் காட்டினான். மூடி போட்ட பெட்டிக்குள்ள யாருடா கல்யாணம் பண்ணிக்கப் போறா, விளக்கில்லாததைக் குடு என்றேன். மதர்போர்டு நீ சொன்னதுதான், பிராசஸர் நீ சொன்னதுதான், எஸ்.எஸ்.டி. நீ சொன்னதுதான், கேபினட் மட்டும் முன்பக்கம் ஓட்டை கூடுதலாக உள்ளதாகப் பார்த்து எடுத்தேன், நம் வீட்டு வெக்கைக்கு அது வேண்டும்.

கடைசியாக அந்த கிராபிக்ஸ் கார்டு. நீ அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு அது ஒன்றுக்கே போகிறது. இதுக்கு என்னப்பா வேலை என்றேன். கேம்ஸ் ஆடுற பசங்க வாங்குறது தாத்தா, புக்கு வேலைக்கு இவ்வளவு பெருசு வேணாம் என்றான். நீ சின்ன வயதிலிருந்தே அந்த விளையாட்டில் விழுந்து கிடப்பவன், உன் ஆசையை அக்கா தலையில் கட்டியிருக்கிறாய் என்று நினைத்தேன். அதை நீக்கச் சொன்னேன். அவன் விரலை எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, வீட்ல வேற கார்டு ஏதாச்சும் இருக்கா என்று கேட்டான். எதற்குக் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வதற்கு என் வாய் பழகவில்லை. ஸ்டோரில் இருந்த காலத்தில் எதைக் கேட்டாலும் இருக்கு என்பேன், பிறகு போய்த் தேடுவேன். அதே வாயால், எல்லாம் இருக்கு என்றேன். மிஞ்சின பணத்துக்கு, நீ சொன்ன சின்னத் திரைக்குப் பதில் புத்தகத்தின் இரண்டு பக்கமும் அருகருகே முழுசாகத் தெரிகிற பெரிய திரை எடுத்தேன். தள்ளுபடிச் சரக்கு, திருப்பி எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னான், சரி என்றேன்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தான். சுவிட்சைப் போட்டான், படம் பளிச்சென்று வந்தது. பாருங்க தாத்தா என்று சொல்லிவிட்டு அணைத்தான், உள்ளே கை விட்டு ஒரு கார்டைக் கழற்றித் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டான். இது நம்ம கடை கார்டு, டெஸ்ட் பண்ண மாட்டினது, வீட்ல போய் உங்க கார்டைப் போட்டுக்கங்க என்றான். போடாவிட்டால் என்ன ஆகும் என்று மெல்லக் கேட்டேன். இந்த பிராசஸருக்குப் படம் காட்டத் தெரியாது தாத்தா, மூளை ஓடும், முகம் இருக்காது என்றான். அப்போதுதான் நீ கொடுத்த பட்டியலில் அந்த இரண்டும் ஒன்றையொன்று நம்பி இருந்தன என்று தெரிந்தது. அதை நீ சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு மறந்திருக்காது. உன்மேல் பழி போடவில்லை, கேட்க வேண்டியது நான். ஒரு சாமானைப் பட்டியலிலிருந்து எடுக்கும்முன் அதை நம்பி எது நிற்கிறது என்று கேட்பதுதான் ஸ்டோரில் நான் எல்லாருக்கும் சொன்ன முதல் பாடம்.

பிராசஸரை மாற்றிக் கொடு என்றேன். பசை தடவியாச்சு, இனி திருப்பி எடுத்துக்க முடியாது என்றான். விலை குறைந்த சின்னக் கார்டு வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றான். பத்து நாள் போனால் அக்காவுக்கு மிஞ்சுவது எட்டு நாள், நூற்றறுபது பக்கம் எட்டு நாளில் நடக்காது. பெரிய கார்டுக்கான பணம் திரைக்குப் போய்விட்டது, உன்னிடம் இன்னும் கொஞ்சம் அனுப்பு என்று கேட்க என் நாக்கு எழவில்லை. நான் நின்ற நிலையைப் பார்த்து அவனே ஒரு வழி சொன்னான். பக்கம் கட்டுறதுக்கு எந்தப் பழைய கார்டும் போதும் தாத்தா, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு அம்மா வீட்லயே மனு அடிச்சுக் குடுக்கிறாங்க, புது லேப்டாப் வாங்கிட்டாங்க, பழைய பெட்டியைப் போன மாசம் விக்கக் கொண்டு வந்தாங்க, நான் இரும்பு விலை சொன்னேன், என்னை நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, டெப்போவில இருந்து ரிட்டயர் ஆனவங்களாம் என்றான். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. டெப்போவில் நாங்கள் கம்ப்யூட்டரம்மா என்று பெயர் வைத்த பெண்.

இது உனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. நீ சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்த வருடம் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே அதை இயக்க அவள் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்டோரில் நாங்கள் நாலு பேர், தலைமை கிளார்க், சோடா என்று நாங்கள் கூப்பிட்ட ஒருவன், நெட்டையன், நான். அதுவரை மூவாயிரம் சாமானும் என் தலையில் இருந்தன, எது எந்த ராக்கில் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால் எழுத்து தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள். நாலு பேரும் அவளோடு பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் அவளே என்னிடம் வந்து, அண்ணே கிளட்ச் பிளேட் எந்த ராக்குல என்று மரியாதையாகத்தான் கேட்டாள். முப்பத்தொன்று. நான் இருபத்திரண்டு என்றேன். அவள் அப்படியே ஏற்றிவிட்டாள். நான் லீவில் இருந்த வாரம் ஒரு வண்டிக்கு கிளட்ச் பிளேட் தேவைப்பட்டது, கம்ப்யூட்டர் சொன்ன ராக்கில் போய்ப் பார்த்தால் வைப்பர் பிளேடு, சரக்கு இல்லை என்று எழுதி வெளியூருக்கு ஆர்டர் போட்டார்கள், வண்டி நாலு நாள் நின்றது. கவனக்குறைவாகப் பதிவு செய்தார் என்று அதிகாரி அவளுக்கு மெமோ கொடுத்தார். அதனால் அவள் பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப்போனது. நான் திரும்பி வந்தேன், முப்பத்தொன்றில் கை விட்டு கிளட்ச் பிளேட்டை எடுத்துக் கொடுத்தேன், எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். சோடாவுக்கு மட்டும் தெரியும், அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்த இடத்தில் அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அடி என்றேன். அடிக்கிறாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன். கதவைத் திறந்தவள் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். வாங்க ஸ்டோர்காரரே, பேசுறதில்லைன்னு இருந்தீங்க, காலக்கெடு முடிஞ்சிருச்சா என்றாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். சுற்றி வளைக்காமல் கார்டு வேண்டும் என்றேன், அக்காவின் வேலையைப் பற்றி, மாதக் கடைசியைப் பற்றி, நான் செய்த கோளாறைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் இருக்குன்னு சொன்னீங்களாக்கும் என்று கேட்டுவிட்டு உள்ளே போய் பழைய பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள், தானே ஸ்குரூவைக் கழற்றினாள், தூசியைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, இருபத்திரண்டுல கிளட்ச் பிளேட்டுன்னு நீங்க சொன்னது தப்பா வாயில வந்ததில்லையே என்றாள். இல்லை என்றேன். எனக்கு அன்னைக்கே தெரியும், மூவாயிரம் சாமானையும் ஞாபகம் வெச்சிருக்கிற ஆளு அந்த ஒண்ணை மட்டும் மாத்திச் சொல்லுவாரா என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு கார்டை என் கையில் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் சொன்னாள், காசு வேணாம், அந்த மெமோ இன்னும் என் ஃபைல்ல இருக்கு, அதை நெசம்னு நம்பிட்டு இருக்கிற ஒருத்தர் கிட்டயாச்சும் நீங்க உள்ளதைச் சொல்லணும், எனக்கு அது போதும் என்றாள். முதலில் சொல்லியிருந்தால் பேரம் ஆகியிருக்கும், கார்டை வாங்கிக்கொள்ளாமல் வந்திருப்பேன். கையில் கொடுத்துவிட்டுச் சொன்னதால் சரி என்று சொல்லத்தான் முடிந்தது.

கண்ணாடிக்காரன் அதை மாட்டினான், படம் வந்தது. அன்று மத்தியானமே அக்கா உட்கார்ந்துவிட்டாள், காலை முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் பெரிய திரையில் முழுசாகத் தெரிகிறது, அதற்கு மட்டும் என்னை ஒரு தடவை பாராட்டினாள். நூற்றறுபது பக்கமும் கெடுவுக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்தன, பதினொரு பிழை காட்டினார்கள், திருத்திக் கொடுத்தாள், இரண்டாவது புத்தகம் வந்துவிட்டது. புதுக் கார்டு அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம், இது ஓடுகிற வரை ஓடட்டும்.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி வேலை முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வராதே, கண் அசந்துவிடும். பெரியவனுக்குப் பல் விழுந்தால் எந்தப் பக்கம் என்று எழுது. நீ செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. கம்ப்யூட்டரம்மாவுக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேனே, யாரிடம் போய்ச் சொல்வது என்று படிக்கட்டு ஏறும்போதே எண்ணிப் பார்த்தேன். சோடாவுக்கு முன்பே தெரியும், அவனும் வெள்ளம் வந்த வருடமே போய்விட்டான். நெட்டையன், தன் மகள் கல்யாணத்துக்கு மறுவாரம் படுத்தவன் எழவில்லை. தலைமை கிளார்க் மாரடைப்பில் பஸ்ஸிலேயே போனார். டெப்போவே இல்லை, அந்த இடத்தில் மூன்று மாடித் துணிக்கடை நிற்கிறது. மெமோவில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டவர் மட்டும் இருக்கிறார். உன் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஒரு நாளும் ஒரு சாமானை மாத்திச் சொன்னதில்லை, அந்த நம்பிக்கையிலதான் இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறேன் என்று சொன்னவர். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை என்று மருமகள் சொன்னாள், அதனால் நீதான் படித்துக் காட்ட வேண்டும், முதல் வரியிலிருந்து, எதையும் விழுங்காமல். அதன் பிறகு அவர் என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. அந்த ஸ்டோரில் அதை நெசமென்று நம்பி, இன்னும் உயிரோடு இருக்கிற கடைசி ஆள் உன் மாமனார்.

இப்படிக்கு,
அப்பா
(அடித்தது அக்கா. ஒரு வரியும் மாற்றவில்லை.)