மாப்பிள்ளை பூட்டி வைத்த கம்ப்யூட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் தானாக அணைவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. வாரா வாரம் வீடியோவில் பேசும்போது சொல்லத் தொடங்கினால் அதற்குள் அணைந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அருமை மாப்பிள்ளை முதலில் வைரஸ் என்றார், பிறகு கரண்ட் கோளாறு என்றார், கடைசியில் நான் வாங்கித் தந்ததே மட்டமான சரக்கு என்றார். திரையோடு இணைந்த சி.பி.யு. பெட்டி எங்கே இருக்கிறது என்று போன வாரம் அவரிடம் கேட்டேன்.

"தூசி போகாம இருக்கத் துண்டைச் சுத்தி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன் மச்சான்."

மூளையையும் அப்படித்தான் பத்திரப்படுத்தியிருக்கிறார் போலிருக்கிறது. இன்றுவரை புழங்கியதே இல்லை.

பெட்டிக்குள் விசிறி இருக்கிறது. காற்று இல்லாவிட்டால் சூடேறி அணைந்துவிடும். துண்டை உருவிவிட்டு வெளியே வையுங்கள். அவர் கை படவே வேண்டாம்.

பத்து நிமிடத்தில் ஒன்பதை, அது ஏன் அணைகிறது என்று விளக்கியே அவர் தின்றுவிடுகிறார். நீங்கள் ஓரமாக எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டதும் திரை இருண்டுவிடுகிறது. இனி நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மூன்று வாரமாக நீங்கள் கேட்டதற்குப் பதில்: சாப்பிட்டேன் அம்மா. நீங்கள்?