சீர்த்தட்டில் ஒரு வெள்ளைத் தாவணி

அத்தை,

காலையில் பீரோவைத் திறந்தேன். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் மஞ்சள் வாசனையும் சேர்ந்து வந்தன. படூரில் எட்டாவது மாடியில் இருக்கும் இந்த வீட்டுக்குள் நீங்கள் நுழைந்துவிட்டது போலிருந்தது.

என் மாமியார் என்று சொல்ல வாய் திறந்தாலும் "டீச்சர்" என்றுதான் எனக்கு வரும். திருவிடந்தைப் பக்கத்துக் குப்பத்துப் பள்ளியில் அம்மாக்களுக்கும் பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஆனால் உங்கள் பெரிய வேலை நடந்தது மஞ்சள் நீராட்டு வீடுகளில். வயதுக்கு வந்த பெண்ணை அங்கே பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பட்டுப்புடவை, வளையல், பழம் என்று அடுக்கிய சீர்த்தட்டுகளின் நடுவே உங்கள் தட்டையும் வைப்பீர்கள். அதில் நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியுமாகப் பள்ளிச் சீருடை. தாய்மாமன் அதைச் சபையில் கைநீட்டி வாங்கிவிட்டால், பெண் மறுபடி பள்ளிக்கு வருவாள் என்று பொருள். நீங்களாக உண்டாக்கிய வழக்கம் அது.

எனக்குக் கல்யாணமான புதிதில் செல்வி வீட்டு விசேஷத்துக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். செல்வியின் தாய்மாமன் தட்டைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"இன்னா டீச்சர், நல்ல காரியத்துல வெள்ளத் துணிய வெச்சிகினு..."

"முனையப் பாருடா. மஞ்ச தடவித்தான் கொணாந்துகீறேன்."

மாப்பிள்ளை பார்த்தாயிற்று, படிப்பு போதும் என்றார் அவர். நீங்கள் வாதாடவில்லை. பந்தியில் போய் உட்கார்ந்தீர்கள். இலை போட்டதும் பரிமாற வந்தவரைக் கையமர்த்தினீர்கள். பக்கத்தில் நானும். அந்தப் பந்தி எழுந்து அடுத்த பந்தியும் உட்கார்ந்தது. நம் இரண்டு இலைகள் மட்டும் காலியாகக் கிடந்தன. விசேஷ வீட்டில் டீச்சர் பட்டினியா என்று பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் தாய்மாமன் ஓடிவந்தார்.

"அசிங்கமா கீது. ரெண்டு வாயி சாப்டு டீச்சர்."

"ஏழாம் வாய்ப்பாடு கேட்டா ஒண்ணுக்குப் போவணும்னு நெளிவியே, இப்பவும் அப்டியே நிக்கிற. தட்ட வாங்குடா, சாப்டறேன்."

பந்தல் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினார். மணையில் குனிந்திருந்த செல்வி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

திரும்பும் பேருந்தில், காலையிலிருந்தே நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கேட்டேன். "வயித்த ரொப்பிகினு போயி சாப்ட மாட்டேன்னு சொன்னா அது ஏமாத்து வேலைம்மா" என்றீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் தட்டு நிற்கவில்லை. உங்கள் பேத்திக்குத் தலைபின்னி, அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட கையோடு துணிக்கடைக்குக் கிளம்புவீர்கள். அவள் வயதுக்கு வந்தபோது அவளுக்கும் ஒரு தட்டு. இவளை யார் நிறுத்தப் போகிறார்கள் என்று உங்கள் மகன் கேலி செய்தார். எல்லாருக்கும் ஒன்றுதான் என்று மஞ்சள் தடவ அவர் கையிலும் துணியின் ஒரு முனையைப் பிடிக்கவைத்தீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இருந்தார்கள். மாலை கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருத்தியும் உங்கள் படத்தின் முன்னால் ஒரு சீருடையை வைத்தாள். தாவணி போய் இப்போது சுடிதார். முனையில் மட்டும் அதே மஞ்சள். உறவினர்கள் விழித்தார்கள். செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் செல்விதான் சொன்னாள்: "டீச்சர் தட்டு நின்னுடக் கூடாதுல்ல." அன்று அந்தக் கூடத்தில் என்னளவு தலைநிமிர்ந்து நின்றவர்கள் யாருமில்லை, அத்தை.

அந்தச் சீருடைகள்தான் இப்போது என் பீரோவில். நேற்று செல்வி போன் செய்தாள். குப்பத்தில் இன்று ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. முடிந்ததும் அவளைச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. பள்ளிக்கு இனி இல்லையாம். அந்தத் தாய்மாமனுக்கு என்னைத் தெரியாது. வாய்ப்பாடு கேட்ட உரிமையும் எனக்கில்லை.

தட்டை எடுத்துவைத்துவிட்டேன். முனையில் மஞ்சள் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுப்படியிலிருந்து உங்கள் மகன் இட்லி ஆறுகிறது என்று கூப்பிடுகிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.