சூடாக வந்த பனிஸ்

மச்சான்,

இன்று காலை நோர்வூட் பேக்கரியில் கடைக்கார நானா பனிஸ் தட்டை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தார். அந்த வாசனை வந்ததும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. மற்றவர்களுக்கு அது வாயூறும் வாசனை. கடைக்குள் நின்று பனிஸைப் பார்த்து வெட்கப்படுகிற ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ரெண்டுதானே?" என்று கேட்டபடியே நானா கடுதாசிப் பையில் இரண்டைப் போட்டுவிட்டார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. நீ போய் ஏழு மாதமாகிறது. அவருடைய கைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நானும் திருத்தவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். சட்டைக்குள் சூடு இறங்கியது. பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். உனக்குத் தெரிந்ததுதான் பாதி. அதையும் மீதியையும் நான் என் வாயால் சொன்னதில்லை.

என் கால் முறிந்த கதையை உன்னைப் போல் யாரும் சொன்னதில்லை. மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. பெற்றோருக்கென்று ஒரு தேசிக்காய்க் கரண்டி ஓட்டம். நாற்பத்தாறு வயதில் வாயில் கரண்டியைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓடிய இளம் தகப்பன்மாருக்கு நான் யாரென்று காட்டப் போனேன். மைதானத்தில் இருந்த குழி, நான் யாரென்று எனக்குக் காட்டியது. கணுக்கால் இரண்டு இடத்தில் போயிற்று. "இவன் விழுந்துட்டான். தேசிக்காய் நிக்காம உருண்டு போயி மூணாவதா வந்துருச்சு" என்று தேயிலை ஸ்டோர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். கொழுந்து அரைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே உன் சிரிப்புக் கேட்டதாம்.

நான் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த மாதங்களில்தான் உன் கால்களும் வீங்கத் தொடங்கின. லயத்து வாசல் இஸ்தோப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நான்கு கால்களையும் நீட்டி, யாருடையது பெரிசு என்று பார்த்தோம். நீதான் வென்றாய். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன என்று டொக்டர் சொன்னபோது, "சம்பளப் பிரச்சினையா இருக்கும் சார்" என்றாயாம். அவர் சிரிக்கவில்லை என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாய்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரி. மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, இரண்டு பஸ் மாறி, வீட்டுப் படியேறும்போது உன் முகம் சாம்பல் பூத்திருக்கும். உன்னைப் போல் தோட்டத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை ஏற்றி இறக்க ஒரு வேன் வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்றுதான் நம் இளைஞர்கள் அந்த நடையை ஏற்பாடு செய்தார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை, இரண்டு நாள். நடக்கிற ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் பெயரை அட்டையில் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும்.

"உன் பேர நான் குத்திக்கிறேன்டா" என்றேன்.

"நீயா? உன்னால பீலிக்கரைக்குப் போயி தண்ணி புடிக்கவே முடியல."

"நடந்து பழகிக்குவேன்."

நீ சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தாய். "என்னால இனி அம்புட்டுத் தூரம் ஆகாது மச்சான். பேராச்சும் நடந்து போகட்டும். ஆனா பாதியில எறக்கிறாத."

இறக்க மாட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையிலேயே அடித்துக்கொண்டிருக்கலாம்.

பயிற்சிக்குச் சட்டம் போட்டது நீதான். லயத்திலிருந்து நோர்வூட் போக ஐந்து கிலோமீற்றர், வர ஐந்து. போய் வந்ததற்கு அடையாளமாகப் பேக்கரியிலிருந்து ஒரு பனிஸ் வர வேண்டும். "நிறுவை பாக்குற கண்டாக்கையாகிட்ட கொழுந்தக் காட்டுற மாதிரி எங்கிட்ட பனிஸக் காட்டணும்" என்றாய். முதல் வாரம் உண்மையாகவே நடந்தேன். கம்பை ஊன்றி, மூச்சு வாங்கி, நாய்களிடம் பேச்சு வாங்கி, திரும்பி வர இரண்டு மணி நேரம். நம் ஊர்ப் பனியில் கோப்பைத் தேநீரே வாய்க்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. இரண்டு மணி நேரம் நடந்து வந்த பனிஸ் எப்படி இருக்கும்? நீ அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாய். பிறகு தின்பாய். உன் கன்னத்துக்கு என்ன வேலை என்று நான் யோசிக்கவே இல்லை.

இரண்டாம் வாரம் ஒரு மழை நாள். பக்கத்தில் ஆட்டோ ஒன்று நின்றது. "ஏறுங்கண்ணே, நனையாதீங்க." ஏறினேன். மழை நாளில் ஏறியது பாவமில்லை. அடுத்த நாள் மழை இல்லை. அன்றைக்கும் கால் வலித்தது, பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அதன் பிறகு அது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. போகும்போது கொஞ்ச தூரம் நடப்பது, பிறகு பஸ். பேக்கரியில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நானாவோடு நாட்டைத் திருத்துவது. திரும்பி வருவதும் பஸ்ஸில். முனியாண்டி கோயில் வளைவில் இறங்கி, கடைசி இருநூறு மீற்றர் மட்டும் நொண்டி நொண்டி நடப்பது.

வியர்க்க வேண்டுமே? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீரில் கையை நனைத்து நெற்றியில் தெளித்துக்கொள்வேன். காலர் பக்கம் கொஞ்சம்.

இதையும் எழுதிவிடுகிறேன், மச்சான். அந்த நாட்களில் நீ ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்னப் போத்தல் தண்ணீரை வைத்துக்கொண்டு, மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாய். அதற்கு மேல் குடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மதியத்தில் நாக்கை உதட்டில் தடவிக்கொண்டு பீலி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாய். நான் அதே பீலியில் முகத்தை நனைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து, "அப்பா, என்ன வெயில்" என்று துடைப்பேன்.

நீ பனிஸைக் கன்னத்தில் வைப்பாய். "என்னா வேகம்டா! இந்த வேகத்துல போனா நுவரெலியா என்ன, பதுளைக்கே போயிருவ" என்பாய். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு படிப்புத்தான் எனக்கு.

நடை நாள் வந்தது. மகள் உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, பொலித்தீன் சுற்றி, என் நெஞ்சில் குத்திவிட்டாள். "மாமா பேரு நனையாமக் கொண்டு போங்கப்பா." முதல் நாள் எப்படியோ தலவாக்கலை போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் சனம், மேளம், சந்திக்குச் சந்தி தோடம்பழம். இரண்டாம் நாள் காலையில் சப்பாத்துக்குள் கால் போகவில்லை. செருப்போடு இழுத்துக்கொண்டு லிந்துலை தாண்டினேன். அங்கே ஏற்றம் தொடங்குகிறது. எனக்கு அங்கேயே முடிந்தது. ஒரு மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கொழுந்தெடுக்கிற அம்மா ஒருத்தர் என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்தார். தன் வீட்டுக்காரரின் பெயரைக் குத்திக்கொண்டு நடந்தவர். என் காலைப் பார்த்தார்.

"அண்ணே, இது ஆகாதுண்ணே. அந்த அட்டையக் குடுங்க. எங்க வீட்டுக்காரரு பேருக்குப் பக்கத்துல குத்திக்கிறேன். பேரு போய்ச் சேரட்டும்."

கொடுத்திருக்கலாம். என் பயணம் அங்கே முடிந்திருக்கும். உன் பெயர் மட்டும் ஒரு நல்ல மனுஷியின் நெஞ்சில் கடைசிவரை நடந்திருக்கும். நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா களைப்பாறுறேன். நீங்க போங்கம்மா, பின்னாலயே வர்றேன்." ஒரு பொம்பளையிடம் அட்டையைக் கொடுத்தேன் என்று ஊரில் சொல்வார்களே என்று நினைத்தேன். நீ சிரிப்பாயே என்றும் நினைத்தேன்.

அவர் வளைவில் மறைந்த பிறகு, முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த வேன் நின்றது. "நகின்ன ஐயே" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி டிரைவர் கதவைத் திறந்தார். அட்டையைத் திருப்பி, உன் பெயர் உள்ளே இருக்கும்படி வைத்துக்கொண்டு ஏறினேன்.

நுவரெலியா டவுனுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு வந்தது. "இங்க நிப்பாட்டுங்க" என்றேன். இறங்கினேன். போத்தல் தண்ணீரை நெற்றியில் தெளித்தேன். அட்டையைத் திருப்பினேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. நான் மூன்று மாதம் பயிற்சி எடுத்தது நடப்பதற்கு அல்ல, வளைவில் இறங்குவதற்கு.

மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். நீ போனில் கோல் எடுத்தாய்.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேன்டா."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"சரி மச்சான். வரும்போது அங்கயிருந்து ஒரு பனிஸ் வாங்கிட்டு வா. சூடா இருந்தாலும் பரவாயில்ல."

சேர்ந்த காசில் ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வந்தது. நீ அதில் மூன்று தடவைதான் போனாய். அந்தப் படத்தைப் பெரிசாக்கிக் கண்ணாடி போட்டு, படுத்தபடியே பார்க்கிற மாதிரி சுவரில் மாட்டச் சொன்னாய். மாலையும் கழுத்துமாக நான், நெஞ்சில் நீ. இப்போது அதற்குப் பக்கத்தில் உன் படமும் தொங்குகிறது. மாலை அதற்கும் இருக்கிறது.

உன் கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, உன் வீட்டுக்காரி எனக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே ஏதோ சிரிப்புக் கதை சொல்வது போல்தான் சொன்னார். "அவருக்கு எல்லாம் தெரியும்ணே. 'நடந்து வந்தா எப்பிடிப் பனிஸ் சுடச் சுட வரும், பஸ்ஸுலதான் வர்றான் கழுதை'ன்னு சிரிப்பாரு. கேட்டுப்புடுங்களேன்னேன். 'கேட்டா வெக்கப்பட்டு வர்றதையே நிப்பாட்டிருவான். சூடா வந்தாலும் வரட்டும்'னாரு."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து நடக்கிறேன். முதலில் கோயில் வளைவு வரை. பிறகு பாலம் வரை. போக நடந்து வர பஸ் என்று கொஞ்ச நாள். அந்த முதல் வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் போகவும் வரவும் முழுசாக நடந்தேன். பாதியில் பனி இறங்கியது. சட்டைக்குள் இருந்த பையின் சூடு பாலத்தருகே குறைந்தது, கோயில் வளைவில் இல்லாமலே போனது. பீலிக்கரையில் நான் நிற்கவில்லை. நெற்றியில் இருந்தது என்னுடையதுதான்.

ஞாயிறு என்பதால் உன் வீட்டுக்காரி இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பையை நீட்டினேன். ஒரு பனிஸை எடுத்து, நீ செய்தது போலவே கன்னத்தில் வைத்தார்.

"ஜில்லுனு இருக்குண்ணே" என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பெயர். ஆனால் கதவுக்குள் அந்தப் படம் தெரிந்தது. "தங்கச்சி, அந்தப் படத்தக் கழட்டிருங்க. அது பொய்" என்றேன். மதகுக் கட்டு, அந்த அம்மா, வேன், வளைவு, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். என் கால் முறிந்த கதையைப் போல இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சுளகை மடியில் இறக்கி வைத்தார்.

"அட்டை எங்கண்ணே?"

"சட்டைப் பையிலதான் இருக்கு." எப்போதும் அங்கேதான் இருக்கிறது. வேறெங்கும் வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

"பாதியில எறக்காதன்னுதானே சொன்னாரு. இன்னும் நீங்க எறக்கல." சுளகைத் தட்டினார். "படம் கெடக்கட்டும். லிந்துலை வரைக்கும் பஸ்ல போங்க. அதுக்கு அங்கிட்டு ஏறக் கூடாது."

அடுத்த ஞாயிறு போகிறேன், மச்சான். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கப்பா நுவரெலியா வரை நடந்தவர் என்று அவள் இன்னும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏன் லிந்துலையில் இருந்து நடக்கிறோம் என்று கேட்பாள். கேட்கட்டும் என்றுதான் கூட்டிப் போகிறேன். என்ன முகத்தோடு சொல்வேன் என்று தெரியவில்லை. இருக்கிற முகம் இதுதான்.

மற்றப் பனிஸை நம் பெஞ்சில் உட்கார்ந்து நான் தின்றேன். ஆறிய பனிஸ் நன்றாகவே இல்லை. ஓரம் தோலைப் போல இழுக்கிறது, நடுவில் ஈரம் பிடித்துப் பல்லில் ஒட்டுகிறது. அந்த முதல் வாரம் முழுக்க நீ இதைத்தான் தின்றாய். துணுக்கு விடாமல் தின்று, விரலைச் சூப்பிவிட்டு, "இதுதான்டா பனிஸ்" என்றாய்.